சுற்றுலா மேலாண்மை படிப்பு: இரண்டாம் செமஸ்டரிலேயே விட்டுவிடலாமா?

குடமுருட்டிக்கரை (இழையைத் தொடங்கியவர்) | திங்கள், இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். திருச்சியில் ஒரு கல்லூரியில் பி.பி.ஏ. சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை முதலாமாண்டு படிக்கிறேன். சொந்த ஊர் தஞ்சை மாவட்டம் பாபநாசம் பக்கம். மேல்நிலையில் வரலாறும் புவியியலும் எடுத்துப் படித்தவன். சின்ன வயதிலிருந்து கோயில், கோட்டை, கல்வெட்டு என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் எனக்கு. அந்த ஆசையில்தான் இந்தப் படிப்பில் சேர்ந்தேன்.

முதல் செமஸ்டரில் கணக்குப் பதிவியலில் அரியர் விழுந்துவிட்டது. இப்போது மேலாண்மைக் கணக்கியல், புள்ளியியல், மேலாண்மைக் கோட்பாடுகள். ஊர்களைப் பற்றிய பாடம் ஒன்றே ஒன்றுதான். உரக்கடை வைத்திருக்கும் அப்பா ஒரே வார்த்தை கேட்டார்: "கணக்குத்தான் படிப்பதென்றால் உன்னைப் பி.காமில் சேர்த்திருப்பேனே?" எனக்குப் பதில் தெரியவில்லை.

விட்டுவிட்டு அடுத்த ஆண்டு பி.ஏ. வரலாற்றில் சேரலாமா என்று யோசிக்கிறேன். இந்தத் துறையில் இருப்பவர்கள் உண்மையைச் சொல்லுங்கள். ஒரு பயணத்தை நடத்த எனக்கு எதற்குப் பேரேடு?

---

கோடிட்ட தாள் | திங்கள், இரவு 10.25

நானும் இதே படிப்பை முடித்தவன்தான், 2019-இல். சென்னையில் ஒரு பயண முகமையில் டிக்கெட் பிரிவில் சேர்ந்தேன். எட்டு மாதம் ஆனது. 2020 மார்ச் இறுதியில் பன்னாட்டு விமானங்கள் நின்றன. வழக்கமான பன்னாட்டுச் சேவை மறுபடி தொடங்கியது 2022 மார்ச் 27 அன்று. நடுவில் இரண்டு ஆண்டுகள். முகமையில் பதினோரு பேர் இருந்தோம். இரண்டு பேரை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நான் வங்கித் தேர்வு எழுதி இப்போது வேறு வேலையில் இருக்கிறேன்.

படிக்கும்போது செய்த இன்டர்ன்ஷிப்பையும் சொல்லிவிடுகிறேன். ஆறு வாரம், ஊதியம் கிடையாது. பெட்டிகளில் அடையாளச் சீட்டு ஒட்டியதும் தேநீர் வாங்கி வந்ததும்தான் மிச்சம். கடைசி நாளில் சான்றிதழ் தந்தார்கள். அதில் எழுதியிருந்த எதையும் எனக்குக் கற்றுத் தரவில்லை.

வரலாற்றுக்கு மாறச் சொல்ல மாட்டேன். பொதுவான பி.பி.ஏ. அல்லது பி.காமுக்கு மாறுங்கள். ஒரே துறையின் பெயரைப் பட்டத்தில் எழுதிக்கொண்டால், அந்தத் துறை படுக்கும்போது நாமும் சேர்ந்து படுக்க வேண்டியிருக்கிறது.

---

பழைய வண்டிக்காரர் | செவ்வாய், காலை 6.15

தம்பி, நான் மதுரையில் இருபத்தாறு ஆண்டுகளாகச் சுற்றுலா ஏற்பாட்டாளராக இருக்கிறேன். ஒரு அம்பாசிடரில் ஓட்டுநராகத் தொடங்கினேன். கல்லூரிக்குப் போனதில்லை. எனக்குக் கணக்கைக் கற்றுக் கொடுத்தது நட்டம். முதல் மூன்று ஆண்டுகளில் மனைவியின் நகையை இரண்டு முறை அடகு வைத்தேன். வண்டிகள் எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன, பயணிகளும் பாராட்டிவிட்டுத்தான் போனார்கள். பணம் எங்கே போகிறதென்று மட்டும் எனக்குத் தெரியவில்லை.

பேரேடு எதற்கு என்று கேட்டீர்கள். வாயால் சொல்வதைவிடச் செய்து பார்த்தால் விளங்கும். ஒரு வேலை தருகிறேன். திருச்சியிலிருந்து இரண்டு பகல், ஒரு இரவு, சோழர் கோயில் பயணம். 21 இருக்கை வேன். 20 பயணிகள், கூடவே ஒரு பொறுப்பாளர். தஞ்சைப் பெரிய கோயில், தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் மூன்றும் கட்டாயம் இருக்க வேண்டும். நேர அட்டவணை போடுங்கள், தலைக்கு என்ன விலை என்று சொல்லுங்கள். பயிற்சிக்காக இந்தத் தொகைகளை வைத்துக்கொள்ளுங்கள்: வேன் இரண்டு நாளைக்கு டீசலோடு 18,000 ரூபாய். அந்தந்த ஊரில் வழிகாட்டிக்கு இரண்டு நாளும் சேர்த்து 5,000. இருவர் தங்கும் அறை காலை உணவோடு 2,000. ஒரு வேளைச் சாப்பாடு 250. தண்ணீர், தின்பண்டத்துக்குத் தலைக்கு 50. மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

---

குடமுருட்டிக்கரை | செவ்வாய், இரவு 11.05

ஐயா, உடனே உட்கார்ந்து போட்டேன். இது எங்கள் ஊர்ப் பயணம், அதனால் மகிழ்ச்சியாகவே செய்தேன். பெரிய கோயில் 1987-இல் உலக மரபுச் சின்னம் ஆனது. மற்ற இரண்டும் 2004-இல் சேர்க்கப்பட்டன. எனவே பயணத்துக்கு "மூன்று சோழப் பெருங்கோயில்கள்" என்று பெயர் வைத்தேன்.

முதல் நாள்: காலை 8 மணிக்குத் திருச்சி. முதலில் திருவரங்கம். 12.30-க்குத் தஞ்சாவூரில் சாப்பாடு. 1.30-க்குப் பெரிய கோயில். மாலை 5-க்குக் கும்பகோணம், அறை.
இரண்டாம் நாள்: காலை 9-க்குத் தாராசுரம், 12 மணிக்குக் கங்கைகொண்ட சோழபுரம், சாப்பாடு, திரும்புதல்.

செலவு: வேன் 18,000, வழிகாட்டி 5,000, ஆகமொத்தம் 23,000. இதை 20 பேருக்குப் பிரித்தால் தலைக்கு 1,150. அறைக்குத் தலைக்கு 1,000, மூன்று வேளைச் சாப்பாடு 750, தண்ணீர் 50. எல்லாம் சேர்த்துத் தலைக்கு 2,950. விலை 3,400 என்று வைத்தேன். தலைக்கு 450 லாபம், இருபது பேருக்கு 9,000.

---

பழைய வண்டிக்காரர் | புதன், காலை 5.50

பெயர் நன்றாக இருக்கிறது. ஒரே இரவில் முடித்ததும் பிடித்திருக்கிறது. இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் நேரம். மதியம் 1.30-க்குப் பெரிய கோயிலில் நடை சாத்தியிருக்கும். மாலை நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். பன்னிரண்டு மணிக்குக் கங்கைகொண்ட சோழபுரம் போனாலும் இதே கதைதான். கோயில் பக்கத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை நீங்கள், இது உங்களுக்குத் தெரியாததல்ல. தாளில் எழுத உட்கார்ந்ததும் தெரிந்தது மறந்துவிடுகிறது. நடை திறந்தே இருந்தாலும் சித்திரை வெயிலில் அந்தக் கல்தளத்தில் வெறுங்காலோடு அறுபது வயதுப் பெரியவரை நடக்கவிட முடியுமா? காலை ஏழு மணிக்குக் கிளம்புங்கள். எட்டரைக்குப் பெரிய கோயில். பதினோரு மணிக்கு அரண்மனைக் கலைக்கூடம். சாப்பாடு. வெயில் நேரத்தில் வண்டி ஓடட்டும், கும்பகோணத்தில் அறை போட்டு ஒரு மணி நேரம் படுக்கட்டும். நாலரைக்குத் தாராசுரம். மாலை வெளிச்சத்தில் அந்தத் தேர் மண்டபத்தைப் பார்த்தவர்கள் அடுத்த ஆண்டும் நம்மைத் தேடி வருவார்கள். மறுநாள் காலை ஒன்பதுக்குக் கங்கைகொண்ட சோழபுரம். திருவரங்கத்தைத் திரும்பும் வழியில், மாலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இனிப் பணம். ஓட்டுநர் பேட்டா எங்கே? இரண்டு நாளைக்கு 1,000 வையுங்கள். சுங்கச்சாவடிக்கும் வண்டி நிறுத்தக் கட்டணத்துக்கும் 1,200. கூடவே வரும் பொறுப்பாளர் எங்கே படுப்பார், என்ன சாப்பிடுவார்? அவருடைய அறை, சாப்பாடு, சிறு சம்பளம் சேர்த்து 2,800. மறந்தது 5,000 ரூபாய். உங்கள் 23,000 இப்போது 28,000.

மூன்றாவதுதான் பெரிய விஷயம். நீங்கள் எல்லாவற்றையும் இருபதால் வகுத்தீர்கள். இருபது பேர் வருவார்கள் என்று யார் சொன்னது? வேனில் ஒருவர் ஏறினாலும் இருபது பேர் ஏறினாலும் அந்த 28,000 மாறாது. அறையும் சாப்பாடும் தண்ணீரும் மட்டுமே ஆள் கணக்கில் கூடும், குறையும். அது தலைக்கு 1,800. ஆக 3,400 ரூபாய் விலையில் ஒவ்வொரு பயணியும் அந்த 28,000-ஐ அடைக்கத் தருவது 1,600. வகுத்துப் பாருங்கள், பதினேழரை வரும். பதினெட்டாவது ஆள் ஏறும்வரை உங்கள் கைப்பணத்தில்தான் வண்டி ஓடுகிறது.

பதினாலு பேர் மட்டும் வந்தால்? உங்கள் கணக்குப்படி 14 பெருக்கல் 450, லாபம் 6,300. உண்மையில் வரவு 47,600. செலவு 28,000-ம் 25,200-ம் சேர்த்து 53,200. நட்டம் 5,600. இந்த இரண்டு எண்களுக்கும் இடையில்தான் என் மனைவியின் நகை போனது.

இன்னும் வரி இருக்கிறது. ஜிஎஸ்டி பதிவு பெற்ற ஏற்பாட்டாளர் பொதுவாகப் பயணத் தொகுப்புக்கு 5 சதவீதம் கட்டுகிறார். 3,400 என்பது வரி உட்பட என்று நீங்கள் விளம்பரம் போட்டிருந்தால், கையில் நிற்பது 3,238 மட்டும். இருபது இருக்கையும் நிரம்பினால்கூட மொத்த லாபம் 762 ரூபாய். இரண்டு நாள் உழைப்புக்கு, நிரம்பிய வண்டிக்கு, 762 ரூபாய்.

இதில் நான் செய்தது எல்லாம் உங்கள் மேலாண்மைக் கணக்கியல் புத்தகத்தில் இருக்கும். நான் அதைப் படிக்கவில்லை. நீங்கள் படிக்கும் இடத்தில் இருக்கிறீர்கள்.

---

பற்று வரவு | புதன், பகல் 1.20

வண்டிக்காரர் ஐயா சொன்னதற்குப் புத்தகப் பெயர்களை மட்டும் சேர்க்கிறேன். இருபத்தெட்டாயிரம் நிலையான செலவு. ஆயிரத்து எண்ணூறு மாறும் செலவு. ஆயிரத்து அறுநூறு பங்களிப்பு. பதினெட்டு என்பது லாப நட்டமில்லாப் புள்ளி. தம்பி, அந்தப் பாடத்தை இன்றே திறந்து, உதாரணக் கணக்கில் "இயந்திரம்" என்று இருக்கும் இடத்தில் எல்லாம் "வேன்" என்று எழுதிப் பாருங்கள்.

நான் கல்லூரியில் வணிகவியல் கற்பிக்கிறேன். சுற்றுலா மாணவர்களுக்கும் நூற்பாலைக் கணக்கையே கரும்பலகையில் போடுகிறோம். அது எங்கள் குறை. தறியும் பஞ்சும் வைத்துப் பாடம் நடத்தினால் கோயில் பார்க்க ஆசைப்பட்டு வந்த பிள்ளைக்கு ஏன் மனம் ஒட்டும்? அடுத்த பருவத்தில் இந்த வேன் கணக்கை என் வகுப்பில் எடுக்கப்போகிறேன்.

அரியருக்கு: இறுதிக் கணக்குகளையும் வங்கிச் சரிக்கட்டும் பட்டியலையும் தினமும் ஒன்று என்று நாற்பது நாள் கையால் போடுங்கள். பார்த்துப் படித்தால் கணக்கு வராது.

---

வரவேற்பு மேசை | புதன், இரவு 8.45

நான் விடுதிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். இதே பட்டம் படித்து, வரவேற்பில் இரவுப் பணியில் சேர்ந்து, இப்போது சென்னையில் ஒரு விடுதிக் குழுமத்தில் அறை விலையைத் தீர்மானிக்கும் பிரிவில் இருக்கிறேன்.

உரக்கடையில் இன்று விற்காத மூட்டை நாளைக்கும் இருக்கும். விடுதியில் இன்றிரவு விற்காத அறை விடிந்ததும் அழிந்துவிடுகிறது. பஸ் இருக்கையும் விமான இருக்கையும் அப்படித்தான். இந்த ஒரு வேறுபாட்டிலிருந்துதான் எங்கள் தொழிலின் பாதிக் கணக்கு பிறக்கிறது. தம்பி, அப்பாவிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கடைக்காரருக்கு உடனே விளங்கும்.

ஒரு உதாரணம். 40 அறை. 2,000 ரூபாய்க்கு 30 அறை போனால் வரவு 60,000. 1,800-க்குக் குறைத்து 36 அறை போனால் 64,800. இருக்கும் நாற்பது அறைக்கும் பிரித்தால் முதலாவதில் அறைக்கு 1,500, இரண்டாவதில் 1,620. கூடுதலாகப் போன ஆறு அறைக்கும் துணி துவைக்க, சுத்தம் செய்ய, காலை உணவுக்குத் தலா 300 என்று 1,800 கழித்தாலும் 3,000 மிஞ்சுகிறது. அப்படியானால் எப்போதும் விலையைக் குறைக்கலாமா? கூடாது. ஊரே நிரம்பி வழியும் சித்திரைத் திருவிழா வாரத்தில் மதுரையில் விலையைக் குறைப்பவர் பணத்தை வீதியில் கொட்டுகிறார். எந்த நாளில் குறைப்பது, எந்த நாளில் ஏற்றுவது என்பதைச் சொல்வதற்குத்தான் உங்கள் புள்ளியியல். மூன்று ஆண்டுப் பதிவுகளை வைத்துக்கொண்டு அடுத்த ஆண்டின் வைகாசி முகூர்த்தங்களைக் கணிக்கும்போது எனக்கு இன்றும் உற்சாகம் குறைவதில்லை.

இன்டர்ன்ஷிப் பற்றிக் கோடிட்ட தாள் எழுதியதைப் படித்து வருத்தப்பட்டேன். அது பரவலாக நடக்கிறது. சேரும் முன்பே கேளுங்கள்: எத்தனை பிரிவில் மாற்றி மாற்றி வைப்பீர்கள், முன்பதிவு மென்பொருளில் பயிற்சிக் கணக்கு தருவீர்களா, வாரம் ஒரு முறை யாரிடம் அறிக்கை தர வேண்டும்? இந்த மூன்றுக்கும் பதில் சொல்லாத இடத்துக்குப் போகாதீர்கள். பெரிய பெயரைவிட, முதலாளியே மேசையில் உட்காரும் சின்ன முகமையில் அதிகம் கற்கலாம்.

---

குன்னூர்ப் பனி | வியாழன், காலை 7.30

எல்லோரும் வண்டியை நிரப்புவது பற்றி எழுதுகிறீர்கள். வண்டிகள் நிரம்பி வந்து சேரும் ஊரில் வாழ்பவன் நான், அதனால் இன்னொரு கணக்கையும் இந்த மாணவர் முன் வைக்க விரும்புகிறேன்.

மே மாதத்தில் மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே வரும் பாதையைப் பாருங்கள். வண்டிகள் கொண்டை ஊசி வளைவில் மணிக்கணக்கில் நிற்கின்றன. பிரசவத்துக்குக் கோவை போகும் வண்டியும் அந்த வரிசையில்தான் நிற்கிறது. கோடையில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வரும் என்று தெரியாது, ஆனால் விடுதிகளுக்கு லாரி லாரியாகப் போகிறது. சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு 2024 மே 7 முதல் ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025 கோடைக்கு எண்ணிக்கையே வரையறுத்தார்கள்: ஊட்டிக்கு வார நாட்களில் நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வணிகர்கள் கடையடைத்தார்கள். அவர்கள் கோபமும் நியாயம்தான், ஆண்டின் வரும்படியில் பெரும்பகுதி அந்த மூன்று மாதத்தில்தான் அவர்களுக்கு வருகிறது.

அந்த எண் எட்டாயிரமா, பத்தாயிரமா, நாலாயிரமா என்று யார் சொல்வது? அதற்குப் பெயர் தாங்கும் திறன். சாலை எத்தனை வண்டியைத் தாங்கும், குழாய் எத்தனை குடத்தைத் தாங்கும், குப்பைமேடு எவ்வளவு தாங்கும், ஊர்மக்களின் பொறுமை எவ்வளவு தாங்கும் என்று தனித்தனியே அளக்க வேண்டும். உங்கள் பாடத்தில் பட்லர் என்பவர் 1980-இல் சொன்ன சுற்றுலாத் தலத்தின் வாழ்க்கைச் சுழற்சி வரும். சிலர் தேடி வருவார்கள், ஊர் ஈடுபடும், வளரும், நிலைபெறும், தேங்கும், பிறகு சரியும் அல்லது புத்துயிர் பெறும். அந்த வளைகோட்டைத் தேர்வுக்காக மனப்பாடம் செய்துவிட்டு விட்டுவிடாதீர்கள். எங்கள் மலை அதில் எங்கே நிற்கிறது என்று புள்ளி வைத்துச் சொல்லக்கூடிய பிள்ளைகள் எங்களுக்கு வேண்டும்.

நீலகிரி மலை ரயில் மேட்டுப்பாளையத்திலிருந்து 46 கிலோமீட்டர். 1908-இல் உதகை வந்து சேர்ந்தது. 2005-இல் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றது. அதில் இருக்கைகள் எத்தனையோ அத்தனை பேர்தான் வர முடியும். யாரும் அதைக் குறையாகச் சொல்வதில்லை, மாதக்கணக்கில் முன்பதிவு செய்து காத்திருக்கிறார்கள். ஒரு வரம்பையே மதிப்பாக மாற்ற முடியும் என்பதற்கு எங்கள் கண் முன்னால் ஓடும் சான்று அது. இதைச் சாலைக்கும் செய்துகாட்டப் படித்தவர்கள் தேவை.

---

கோடிட்ட தாள் | வியாழன், இரவு 9.10

எல்லாம் சரி. ஆனால் சம்பளத்தைப் பற்றி யாரும் எழுதவில்லை. தொடக்கத்தில் கைக்கு வருவது சென்னையில் ஒரு அறை வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போதாது. என்னுடன் படித்த முப்பத்திரண்டு பேரில் இந்தத் துறையில் இன்று இருப்பவர்கள் ஒன்பது பேர். நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளைக்கு ஆசையைக் காட்டி இழுக்கும்போது இதையும் சொல்ல வேண்டும்.

இன்னொன்று, டிக்கெட் எடுத்துக் கொடுப்பது என்ற பழைய வேலை சுருங்கிவிட்டது. பயணிகளே கைப்பேசியில் எடுக்கிறார்கள். விமான நிறுவனங்கள் முகமைகளுக்குத் தந்துவந்த கமிஷனும் பெரும்பாலும் போய்விட்டது. மூன்றெழுத்து விமான நிலையக் குறிகளை, சென்னைக்கு எம்ஏஏ, திருச்சிக்கு டிஆர்இசட், மதுரைக்கு ஐஎக்ஸ்எம் என்று நூற்றுக்கணக்கில் மனப்பாடம் செய்தேன். இப்போது அதைக் கேட்பார் இல்லை.

---

வரவேற்பு மேசை | வியாழன், இரவு 10.30

சம்பளத்தைப் பற்றி நீங்கள் எழுதியது முழுக்க உண்மை. எனக்கும் முதல் இரண்டு ஆண்டுகள் அப்பாதான் பணம் அனுப்பினார். மூன்றாம் ஆண்டில் விலைப் பிரிவுக்கு மாறிய பிறகுதான் நிமிர்ந்தேன். மாற முடிந்ததற்குக் காரணம் எக்செலில் கணக்குப் போடத் தெரிந்ததுதான். என்னுடன் வரவேற்பில் நின்றவர்கள் என்னைவிட அழகாகப் பேசுவார்கள். அவர்கள் அங்கேயே நின்றுவிட்டார்கள், அது எனக்கு இன்றும் உறுத்துகிறது.

ஆனால் குறிகள் வீண் என்பதை ஏற்க மாட்டேன். நிறுவனப் பயணம், குழுப் பயணம், மாநாட்டுப் பயணம் மூன்றிலும் அமேடியஸ் போன்ற முன்பதிவு அமைப்புகள் இன்றும் இயங்குகின்றன. நாற்பது பேர் ஒரே குழுவாகச் சிங்கப்பூர் போக, அதில் மூன்று பேருக்குத் திரும்பும் தேதி வேறாக இருந்தால், கைப்பேசியை நம்ப மாட்டார்கள். தெரிந்த ஆளைத்தான் தேடுவார்கள்.

குடமுருட்டிக்கரைக்கு ஒரு தகவல். இந்தப் பட்டத்துக்குப் பிறகு மேலே படிக்க நினைத்தால், மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் கீழ் 1983-இல் தொடங்கப்பட்ட இந்தியச் சுற்றுலா மற்றும் பயண மேலாண்மை நிறுவனம் குவாலியரில் இருக்கிறது. நமக்குப் பக்கத்து வளாகம் நெல்லூர். புதுச்சேரி மத்தியப் பல்கலைக்கழகத்திலும் சுற்றுலாவில் முதுகலை மேலாண்மை உண்டு. தரமணியிலும் துவாக்குடியிலும் இருப்பவை விடுதி மேலாண்மை, உணவுத் தொழில்நுட்ப நிறுவனங்கள். அது வேறு படிப்பு. பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

---

பனையடி | வெள்ளி, காலை 6.40

யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். இலங்கையில் சுற்றுலா வழிகாட்டியாக உரிமம் பெற்று வேலை செய்கிறேன். இங்கே தேசிய வழிகாட்டி, ஓட்டுநர் வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று உரிமங்கள் பிரிக்கப்பட்டிருக்கின்றன. சப்ரகமுவப் பல்கலைக்கழகத்தில் சுற்றுலா முகாமைத்துவப் பட்டப்படிப்பும் உண்டு. நீங்கள் மேலாண்மை என்பதை நாங்கள் முகாமைத்துவம் என்போம்.

தம்பி, உமக்கு வரலாற்றில் இருக்கும் ஈடுபாட்டை யாரும் இந்த இழையில் பாராட்டவில்லை. நான் பாராட்டுகிறேன். கணக்கு வண்டியை ஓட வைக்கும், உண்மைதான். வண்டியிலிருந்து இறங்கிய மனிதரைக் கல்லின் முன்னால் நிற்க வைப்பது கதை. அத்தோடு ஒரு வெளிநாட்டு மொழியும் படியும். பிரெஞ்சோ, ஜெர்மனோ. பிரெஞ்சுக்காரர் ஒருவருக்கு அவருடைய மொழியில் சோழர் படகோட்டிய கதையைச் சொல்லக்கூடியவரை எந்த நிறுவனமும் விடாது. புதுச்சேரிக்கும் தமிழ்நாட்டில் செட்டிநாட்டுக்கும் அவர்கள் வருகிறார்கள் என்று அறிவேன்.

எங்கள் பக்கம் கடல்வழியும் வான்வழியும் திறந்திருக்கின்றன. பலாலி விமான நிலையம் 2019 ஒக்ரோபரில் பன்னாட்டு நிலையமானது. நாகப்பட்டினம், காங்கேசன்துறைக் கப்பல் 2023 ஒக்ரோபரில் திரும்பவும் ஓடத் தொடங்கியது. நாகையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு நாலு நாள் பயணம் ஒன்றுக்குக் கணக்குப் போட்டுப் பாருமன். போட்டால் எனக்கு அனுப்பும், இங்குள்ள விலைகளை நான் தருகிறேன்.

---

குடமுருட்டிக்கரை | அடுத்த செவ்வாய், இரவு 10.15

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, மன்னிக்கவும். ஒரு வாரமாக அந்த ஒரே தாளைத்தான் திரும்பத் திரும்பப் போட்டேன்.

நேற்று அப்பாவின் கடையில் உட்கார்ந்து அவரிடமே காட்டினேன். விற்காத இருக்கை விடிந்தால் அழிந்துவிடும் என்று வரவேற்பு மேசை அக்கா எழுதியதைச் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். பிறகு அவரே கேட்டார்: "பதினேழாவது ஆள் தனியாள் என்றால் அவருக்கு முழு அறை கொடுக்க வேண்டுமே, அந்த ஆயிரத்தை எங்கே எழுதினாய்?" நான் எழுதவில்லை. ஐயா, உங்களுக்கும் அது விடுபட்டிருக்கிறது.

புதிய தாள். விலை வரி உட்பட 3,750. வரி போகக் கையில் 3,571. அதில் மாறும் செலவு 1,800 போனால் பங்களிப்பு 1,771. நிலையான செலவு 28,000-ஐ அடைக்க 16 பேர் வேண்டும். பதினாறு பேர் என்றால் எட்டு அறை, யாரும் தனியாக இல்லை, மிச்சம் 343 ரூபாய். பதினேழு என்றால் கூடுதல் அறைச் செலவு 1,000 போக 1,114 ரூபாய். இருபது என்றால் 7,429. கிளம்புவதற்குப் பத்து நாள் முன்பு பதினாறு பேர் முன்பணம் கட்டியிருக்காவிட்டால் பயணத்தை ரத்து செய்து பணத்தை முழுதாகத் திருப்பித் தருவது என்று எழுதினேன்.

துறைத் தலைவரிடம் காட்டினேன். எங்கள் வகுப்புச் சுற்றுலாவை இதே வழியில் நடத்தலாம், உண்மையான விலைகளை நீயே விசாரித்து வா என்றார். இன்று கும்பகோணத்தில் நாலு விடுதிகளுக்குப் போனேன். ஒருவர் காலை உணவு தனி என்றார். இன்னொருவர் ஓட்டுநருக்குப் படுக்க இடம் தருவதாகச் சொன்னார். அது என் தாளில் இல்லவே இல்லை.

வரலாற்றுக்கு மாறவில்லை. அரியர் தேர்வுக்குப் பணம் கட்டிவிட்டேன். குன்னூர்ப் பனி அவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: தாராசுரத்தில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நின்றால் அந்தத் தேர் மண்டபத்தைச் சரியாகப் பார்க்க முடியும் என்று எப்படி அளப்பது? இரண்டாம் ஆண்டுத் திட்ட அறிக்கைக்கு அதை எடுத்துக்கொள்ளலாமா என்று நினைக்கிறேன்.

---

குன்னூர்ப் பனி | புதன், காலை 7.05

எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வார நாள், ஒரு ஞாயிறு, ஒரு பிரதோஷ நாள் என்று மூன்று நாள் தேர்ந்தெடுங்கள். கோயில் திறந்திருக்கும் நேரம் முழுவதும் கால் மணிக்கு ஒரு முறை தலைகளை எண்ணுங்கள். ஒவ்வொருவரும் மண்டபத்தில் எத்தனை நிமிடம் நிற்கிறார் என்று குறியுங்கள். வெளியே பூ விற்பவர், கோயில் ஊழியர், எதிர்வீட்டுப் பாட்டி மூவரிடமும் எது கூட்டம், எது அளவுக்கு மீறிய கூட்டம் என்று கேளுங்கள். மூவரும் மூன்று எண் சொல்வார்கள். மூன்றையும் எழுதுங்கள்.

---

பழைய வண்டிக்காரர் | புதன், இரவு 9.30

அப்பா சொன்னது சரி, தனி அறை எனக்கு விடுபட்டுவிட்டது. அவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

ஓட்டுநருக்குப் படுக்க இடம் தரும் விடுதியையே எடுங்கள், நூறு ரூபாய் கூடுதலானாலும் பரவாயில்லை. இரவு வண்டிக்குள் கொசுக்கடியில் படுத்தவர் மறுநாள் உங்கள் வகுப்பு நண்பர்களை ஏற்றிக்கொண்டு நூறு கிலோமீட்டர் ஓட்டக் கூடாது. நாலு விடுதியின் விலையும் வந்ததும் தாளை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.